மாமியின் புது மாத்திரை

"அம்மாவுக்குக் கால் ரெண்டும் வீங்கிப்போச்சுங்க. கிட்னியாத்தான் இருக்கும்ங்கிறாங்க" என்று மனைவி நிலோஃபர் போனில் அழுதாள். அவள் பொள்ளாச்சியில் உள்ள தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். மருந்துக் கம்பெனி ரெப்பான ஆஸிம் கோவை பீளமேட்டில் ஒரு டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தான். அப்படியே எழுந்து பைக்கை எடுத்தான்.

மாமி ரம்ஜான் பீவி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது.

"ஏனுங்க மாப்பிள்ளை, டயாலிசிஸ் பண்ணுனா ரொம்ப வலிக்குங்களா?"

"அதெல்லாம் இருக்காதுங்க மாமி. என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

அவர் நீட்டிய அட்டையை ஆஸிம் இரண்டு முறை திருப்பிப் பார்த்தான். அவன் கம்பெனியின் புது பிரஷர் மாத்திரை.

"இத்தனை வருசமா வேற மாத்திரைதானுங்க. பிரஷரும் நல்லாத்தான் இருந்துச்சு. புதுசா நல்லது வந்திருக்குன்னு தம்பிதுரை டாக்டர் மாத்திவுட்டாரு."

கோடையில் தம்பிதுரை டாக்டரைக் குடும்பத்தோடு பாங்காக் அனுப்பி வைத்தவனே ஆஸிம்தான். கருத்தரங்கு என்று பேர். திரும்பி வந்ததிலிருந்து அவர் அந்த மாத்திரையைத்தான் எழுதினார். விற்பனை ஏறியதற்குக் கம்பெனி மீட்டிங்கில் ஆஸிமுக்குக் கைத்தட்டல் கிடைத்தது. அதை யார் விழுங்குகிறார்கள் என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த மாத்திரையால் சிலருக்குக் கால் வீங்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் மாமியின் முகத்தைப் பார்க்கையில் வேறெதுவாகவும் இருந்துவிடக் கூடாதே என்று பயம் பிடித்தது.

ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வந்ததும் மாமியும் அவனும் தம்பிதுரை டாக்டரின் கிளினிக்குக்குப் போனார்கள்.

"உங்க மாமியாருங்களா? சொல்லவே இல்லீங்களே!" என்றார் டாக்டர்.

"சொல்லியிருந்தா பழைய மாத்திரையவே வுட்டிருப்பீங்களா டாக்டர்?"

வாய் தவறி வந்துவிட்டது. வேலை போச்சு என்றுதான் ஆஸிம் நினைத்தான். டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்தார். காலைத் தொட்டுப் பார்த்தார்.

"கிட்னி ரொம்ப நல்லா இருக்குதுங்கம்மா. மாத்திரையாலதான் வீக்கம். பழசுக்கே போயிரலாம், வத்திரும்."

"அல்ஹம்துலில்லாஹ்!" ரம்ஜான் பீவி முக்காட்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார், அழுகையினூடே சிரித்தார்.

டாக்டர் பழைய மாத்திரையை எழுதிக் கொடுத்தார். ஆஸிமைப் பார்க்காமலே பேசினார். "டூருக்காக எழுதறேன்னு நான் நெனக்கவே இல்ல ஆஸிம். நல்ல மாத்திரைன்னு நம்பித்தான் எழுதுனேன். இவங்களுக்கு எதுக்கு மாத்துனேன்னு இப்பக் கேட்டா சொல்லத் தெரியல. மாத்திவுட்ட எல்லாரையும் கூப்புட்டுப் பார்க்கோணும். இனி எந்த டூருக்கும் எம்பேரச் சேர்த்துராதீங்க."

"சரிங்க டாக்டர்." மானேஜர் குதிப்பார். குதிக்கட்டும் என்றிருந்தது ஆஸிமுக்கு.

வெளியே வந்ததும் மாமி பசிக்கிறது என்றார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லையாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் உட்கார்ந்தார்கள். தோசை வந்ததும் ஆஸிம் பாங்காக் கதையை ஒளிக்காமல் சொன்னான்.

அவர் கை நின்றது. "அப்ப என்ற கால் வீங்குனதுல உங்களுக்கும் பங்கு இருக்குதுங்களா?"

"ஆமாங்க மாமி."

மாமி தோசையில் ஒரு துண்டைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தார்.

"கிட்னிக்கு ஒண்ணுமில்லீல்ல? அது போதும் சாமி. இன்னொரு தோசை சொல்லுங்க, முறுகலா."