வர்றேன் என்றவர்கள் வந்துவிட்ட வீடு

விழுப்புரத்தில் கார்டியன் வீரம்மாள் வீட்டு வாசலில் நின்று ‘வர்றேன்’ என்று சொல்லிக் கிளம்பிய அத்தனை பேரும், 1957ஆம் வருஷத்து ஐப்பசி முதல், அன்று விளக்கு வைப்பதற்குள் அதே வாசலுக்குத் திரும்பி வந்து சேர்ந்தார்கள். ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை. கெடாருக்குப் போக வேண்டியவர் கெடார் ரோட்டில்தான் நடந்தார். வழியில் வர வேண்டிய மதகும் புளியமரமும் ஐயனார் கோயிலும் வரிசை தப்பாமல் வந்தன. கடைசியில் தன் வீட்டுப் படி என்று நினைத்துக் காலை வைத்தால் அது வீரம்மாள் வீட்டுப் படியாக இருந்தது. உள்ளே அவருக்கும் சேர்த்து உலை வைத்திருந்தார்கள்.

நம் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து கிளம்புகிறவர் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. அது திரும்பி வராதவர்களுக்கு உரிய வார்த்தை. அதைச் சொல்லிக்கொள்ளும் நிலையில் அவர்கள் இருப்பதில்லை என்பது வேறு விஷயம். மற்றவர்களுக்கு ‘வர்றேன்’தான். சாவு வீட்டில் மட்டும் அதுவும் கூடாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் நடந்துவிட வேண்டும். அங்கே வர்றேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருவதாக அர்த்தம். இது பால் மறந்த பிள்ளைக்கும் தெரியும். முனிசிபல் கவுன்சிலர் சக்கரபாணி மட்டும் தெரிந்திருந்தும் மறந்தார்.

வீரம்மாள் கெடாரில் நிலமும் விழுப்புரத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் களமும் வைத்திருந்த விதவை. தம்பியும் தம்பி பெண்டாட்டியும் ஒரே கோடையில் காலராவில் செத்துப்போக, அவர்கள் பிள்ளைகள் குப்பம்மாளும் கண்ணையனும் அத்தையிடம் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஹெட்மாஸ்டர் அப்பா பெயரைக் கேட்டார். அப்பா இல்லை என்றதும், அப்படியானால் நீங்கள்தான் கார்டியன் என்றார். வீரம்மாளுக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. மண்டியில், கோயிலில், தாலுகா ஆபீசில் யார் எதைக் கேட்டாலும் ‘நான் கார்டியன்’ என்பதில்தான் தொடங்கினாள். ராவ்பகதூர், ராவ்சாகிப் எல்லாம் ஒழிந்துபோய்ப் பட்டம் இல்லாமல் ஊர் வெறிச்சென்று கிடந்த காலம். கிடைத்த பட்டத்தை ஊர் விடுவதாக இல்லை, அவள் பெயருக்கு முன்னால் ஒட்டிவிட்டது.

அந்த ஐப்பசியில் களத்தில் எடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, கண்ணையன் வந்து, பையன்களோடு திருவாமாத்தூருக்குப் போவதாகச் சொன்னான். அவனுக்கு ஒன்பது வயது. காய்ந்த காயை ஈரக் காய் என்று சாதித்துக்கொண்டிருந்த புரோக்கரோடு வீரம்மாள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே ஏதோ பதில் சொன்னாள். காய் கொட்டுகிற சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. மேற்கே பெய்த மழைக்கு, பையன்கள் இறங்கியிருந்த பம்பையாற்றில் திடீரென்று தண்ணீர் வந்தது. மற்றப் பையன்கள் கரையேறிவிட்டார்கள். கண்ணையனை மறுநாள் நாணல் புதரிலிருந்து எடுத்தார்கள்.

துக்கம் கேட்க வந்த சக்கரபாணி இரங்கல் உரைகளுக்குப் பேர்போனவர். செத்தவரைத் தெரிந்திருந்தால் அவரைப் பற்றிப் பேசுவார், தெரியாவிட்டால் தன்னைப் பற்றி. அன்று கண்ணையனை ‘நாளைய பாரதத்தின் வாடிய மொட்டு’ என்று தொடங்கி, நகராட்சியின் குடிநீர்த் திட்டம் வழியாக முக்கால் மணி நேரம் போய், மேடைப் பழக்கத்தில், மீண்டும் வருகிறேன் என்று கூறி விடைபெறுகிறேன் என்று கைகூப்பினார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதுவரை அழாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த வீரம்மாள் திரும்பினாள். “சொன்னா வரணும்,” என்றாள்.

சாயங்காலம் வந்தார். மறுநாள் காலை மரியாதையாக வர்றேன் என்று கிளம்பி அன்று சாயங்காலமும் வந்தார். எலெக்‌ஷன் நெருங்குகிறதோ என்று ஊர் நினைத்தது. வீட்டுச் சாப்பாடு கண்ணில் படாமல் சில நாட்கள் கழிந்த பிறகு, மனைவி சொல்லியனுப்பிய யோசனைப்படி, ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து நடந்தார். வீடு போய்ச் சேர்ந்தார். சக்கரபாணி ஓர் இடத்தைவிட்டுப் பேசாமல் கிளம்பியது அதுவே முதல் தடவை என்பதால், ஊர் அதைத்தான் அதிசயமாகப் பேசியது.

மற்றபடி ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. தபால்காரரும் பால்காரியும் வாயைத் திறக்காமல் வந்து போனார்கள். பிச்சைக்காரர் ஒருவர் மட்டும் காலையில் சோறு வாங்கிக்கொண்டு ‘வர்றேன் தாயே’ என்று தெரு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டுப் போய், சாயங்காலமும் வந்து சாப்பிட்டுத் தேறினார். மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த கெடார் உறவுக்காரர்களும் அதே வழியைக் கைக்கொண்டார்கள். வீரம்மாள் ‘போ’ என்ற சொல்லையே விட்டுவிட்டாள். மாட்டை ‘நட’ என்றாள். காக்கையைக் கைதட்டி ஓட்டினாள். கூலியாட்களிடம் பொழுதாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள். ‘போய்ட்டு வா’ என்று யாரையும் வழியனுப்பியதில்லை. மேற்கே வானம் கறுத்தால் களத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் குடையோடு நின்றாள். குப்பம்மாள் ஐந்து வருஷம் சொல்லாமல் போய்ச் சொல்லாமல் வந்து எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தாள்.

திண்டிவனத்தில் ஒரு டீச்சர் டிரெயினிங் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்தது. அங்கேயே ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். வீரம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தகரப் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். குப்பம்மாள் வாசலில் நின்று “போய்ட்டு வர்றேன் அத்தே” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு ரயிலேறினாள். முண்டியம்பாக்கம் வந்தது, விக்கிரவாண்டி வந்தது, மயிலம் வந்தது. திண்டிவனத்தில் இறங்கி, டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால், எதிரே அத்தை வீடு. மறுநாள் பஸ்ஸில் போனாள். பஸ்ஸும் அவளை அங்கேயே இறக்கியது. பேசாமல் போயேன் என்று தெருவே சொன்னது. “நான் இன்னா சாவு வூட்ல இருந்தா கிளம்புறேன்? அஞ்சு வருஷமா ஊமையாட்டம் போய்க்கினு வந்துக்கினு இருந்தது போதும்,” என்றாள் குப்பம்மாள். பள்ளியிலிருந்து, மாதக் கடைசிக்குள் வந்து சேராவிட்டால் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும் என்று தகவல் வந்தது. அப்படியென்றால் போறேன் என்றுதான் சொல்லிப் பாரேன் என்றாள் எதிர் வீட்டுக்காரி. அது காதில் விழுந்ததும் வீரம்மாள் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். தூக்கித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது.

மறுநாள் குப்பம்மாள் அத்தையைத் திண்டிவனம் டாக்டரிடம் அழைத்துப் போனாள். இருவரும் சேர்ந்து கிளம்பியதால் வீட்டில் சொல்லிக்கொள்ள ஆளில்லை, போய்ச் சேர்வதில் சிரமமும் இல்லை. டாக்டர் விருத்தாசலம் மனசுக்கு வைத்தியம் படித்துவிட்டு லண்டனிலிருந்து வந்தவர். அவருடைய பட்டங்கள் போர்டில் அடங்காமல் சுவர் மூலை திரும்பிக் கீழ்த்தளத்து ஜவுளிக்கடையின் நெற்றிவரை போயிருந்தன. கடைக்கும் படித்த களை வந்ததால் ஜவுளிக்கடைக்காரர் ஆட்சேபிக்கவில்லை. டாக்டர் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோலத் தமிழ் பேசுவார். அறையில் தோல் மெத்தை தைத்த கட்டில் ஒன்று இருந்தது. நோயாளி அதில் படுத்துக்கொண்டு மனதில் தோன்றியதைப் பேச வேண்டும், தாம் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்பதே முறை என்றார்.

“ஆம்பள எதிர்ல படுக்கச் சொல்றீங்களே, நான் இன்னா பொணமா?” என்றாள் வீரம்மாள்.

எப்படிப் படுக்க வேண்டும் என்று டாக்டரே படுத்துக் காட்டினார். அந்த நேரத்தில் வீரம்மாள் காலியாக இருந்த அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கச் சொல்ல டாக்டருக்குத் துணிவில்லை. அதன் பிறகு வைத்தியம் அப்படியே நடந்தது. டாக்டர் படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்துக் கேள்வி கேட்டார், நோயாளி உட்கார்ந்து பதில் சொன்னாள். லண்டனில் இப்படி ஒரு முறை கிடையாது. ஆனால் தன் முகத்தை யாரும் பார்க்காத இடத்தில் வீரம்மாளுக்குப் பேச்சு வந்தது. ஆற்றைப் பற்றிப் பேசினாள், நாணலைப் பற்றிப் பேசினாள். பையனுக்கு என்ன பதில் சொன்னாய் என்று கேட்டபோதெல்லாம், போய்ட்டு வாடா கண்ணு என்றேன் என்று சொன்னாள். டாக்டர் அவளுடைய நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். குப்பம்மாள் அதை ஒரு தடவை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ரயில் மயிலம் தாண்டிவிட்டது.

பள்ளி கொடுத்த கெடு முடிவதற்கு முதல் நாள் டாக்டர் மறுபடியும் கேட்டார்.

“பையன் தங்களிடம் என்ன கூறினான்?”

“போய்ட்டு வர்றேன் அத்தேன்னான்.”

“அதற்குத் தாங்கள்?”

கீழே ஜவுளிக்கடையில் யாரோ துணி கிழித்தார்கள்.

“போய்த் தொலைன்னேன்,” என்றாள் வீரம்மாள்.

டாக்டரின் ரேடியோத் தமிழ் அங்கே நின்றுபோனது.

“எங்கம்மா தெனமும் அதான் சொல்லும். முண்டியம்பாக்கத்துல ஆடு ஓட்டிக்கினு கிளம்புனா, போய்த் தொலைடா. லண்டனுக்குக் கப்பலேறப் போனப்பவும் அழுதுக்கினே அதான் சொல்லிச்சு, போய்த் தொலைடா.”

“நீங்க வந்துட்டீங்க டாக்டரு. அவன் வரலியே.”

“ஆமாம்மா. வரல. இனிமே வரவும் மாட்டான்.”

இதை இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. சாமியிடம் போயிருக்கிறான் என்றார்கள், குப்பம்மாள் வயிற்றில் வந்து பிறப்பான் என்றார்கள். வீரம்மாள் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். டாக்டர் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே அவரும் கொஞ்சம் அழுதார். இதற்கும் இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கக்கூடும்.

“இவளயும் நான் போன்னு சொல்லி,” என்று, வெளியே காத்திருந்த குப்பம்மாள் பக்கம் கையைக் காட்டி ஆரம்பித்தாள் வீரம்மாள்.

“உங்க வாய்க்கு அவ்வளவு சக்தி இருக்குதா? கீழ எறங்கிப் போயி நாலு பேருகிட்ட சொல்லிப் பாருங்க,” என்றார் டாக்டர். மருந்து அவ்வளவுதான்.

ஜவுளிக்கடை வாசலில் ஓர் ஆடு சினிமா போஸ்டரைத் தின்றுகொண்டிருந்தது. வீரம்மாள் அதைப் பார்த்து, போய்த் தொலை என்றாள். ஆடு அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதாநாயகியின் காதைத் தின்னத் தொடங்கியது. செஞ்சி பஸ்ஸைப் போ என்றாள். கண்டக்டர் டீயைக் குடித்து முடித்த பிறகுதான் அது போனது. ஸ்டேஷனில் சிக்னலுக்கு நின்ற கூட்ஸ் வண்டியை நின்று நிதானமாகத் திட்டினாள். அது நகரவேயில்லை. இந்த ஜில்லாவில் ஓர் ஆட்டை அசைக்கும் செல்வாக்குக்கூடத் தன் வாய்க்கு இல்லை என்பது வீரம்மாளுக்கு முதலில் அவமானமாக இருந்தது. உலகத்தில் ஒரு சாவுக்கு முழுப் பொறுப்பும் தானே என்று ஐந்து வருஷம் தலைநிமிராமல் இருந்தவள், அந்தப் பதவியை விட்டு இறங்குவது லேசில்லை. பேரணி ஸ்டேஷன் தாண்டியபோது குப்பம்மாளிடம், “அந்தத் தண்ணி என்னக் கேட்டுக்கினா வந்துச்சு?” என்றாள்.

“இல்ல அத்தே,” என்றாள் குப்பம்மாள்.

“நாளைக்கு வர்றேன்னு சொல்லாத. போறேன்னு சொல்லு. நான் பதில் சொல்றேன்.”

மறுநாள் காலை அந்தத் தெருவில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வாசலில் வேலை வந்துவிட்டது. குப்பம்மாள் பெட்டியோடு படியிறங்கித் திரும்பி நின்றாள். “போறேன் அத்தே,” என்றாள். எதிர் வீட்டுக்காரி காதைப் பொத்திக்கொண்டாள். வீரம்மாள் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

“இன்னா கார்டியனம்மா, ரயிலு எனக்காவ நிக்குமா?”

“நான் சொன்னா மட்டும் போயிடுதாக்கும், உன் ரயிலு. போடி. போய்த் தொலை.”

குப்பம்மாள் சிரித்துக்கொண்டே போனாள். தெருக்கோடியில் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கு வைத்த பிறகும் படியில் யாரும் வந்து ஏறவில்லை. வீரம்மாள் வாசலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தனக்கு மட்டும் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். தீபாவளிக்கு ஹாஸ்டலில் லீவு விட்டார்கள். குப்பம்மாள் வந்தாள். வருவதாக வாக்குக் கொடுத்ததால் வரவில்லை, முறுக்கு தின்ன வந்தாள்.

வாசல் மட்டும் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை. வந்தவர்கள் ‘போறேன்’ என்றார்கள், வீரம்மாளிடம் ‘போய்த் தொலை’ வாங்கிக்கொண்டு சௌக்கியமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளை இதற்கென்றே கூட்டிவந்து நிறுத்தியவர்களும் உண்டு. 1966ஆம் வருஷத் தையில் குப்பம்மாள் டீச்சருக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மாரியப்பன் திண்டிவனத்துக்காரர். அந்த வீட்டாருக்கு விஷயம் நிச்சயதார்த்தத்தின்போதே சொல்லப்பட்டிருந்தது. பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பும்போது கூட்டம் முழுவதும் ‘போறோம்’ என்றது, வீரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘போய்த் தொலைங்க’ என்றாள், வண்டிகள் புறப்பட்டன. மாப்பிள்ளையின் மாமா துரைக்கண்ணு ரிட்டயரான ரெவின்யூ இன்ஸ்பெக்டர், நாலு பெரிய மனிதர்களோடு பழகியவர். அவர் மட்டும், நல்ல காரியத்தில் இதென்ன பேச்சு என்று முகத்தைச் சுளித்துவிட்டு, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, முறைப்படி கைகூப்பி ‘வர்றேன்’ என்றார். சாயங்காலம் அவருக்கு இலை போட்டு வைத்திருந்தார்கள்.