அர்டிஸ் மோயனின் பிள்ளைகள்

இரங்கல் செய்திப் படிவத்தில் ‘உயிருடன் இருப்போர்’ என்ற வரிக்கு வந்ததும் ரோண்டாவின் பேனா நின்றுவிட்டது. அதற்கு மேலே இருந்ததை எல்லாம் எழுதியாகிவிட்டது. அர்டிஸ் மோயன், வயது எண்பத்தொன்று, ஞாயிறு காலை, முதியோர் இல்லத்தில். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருட வேலை. லூத்தரன் சர்ச். கணவர் முன்பே காலமானார். இனி பிள்ளைகளின் பெயர்கள்தான் பாக்கி.

மேஜைக்கு எதிரே பிரெக்கி கைகளைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தார். முப்பது வருடங்களாக இந்த ஊரில் இறந்தவர்களை அடக்கம் செய்பவர். யாரையும் அவசரப்படுத்தமாட்டார். இன்றைக்கு மட்டும் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார்.

“பதினோரு மணிக்குள்ள பேப்பருக்குச் சொல்லிடணும்மா. இல்லேன்னா இந்தப் புதன்கிழமை வராது. காபி கொண்டுவரட்டுமா?”

“வேண்டாம். ஒருத்தர் வரணும். வந்ததும் முடிச்சுடலாம்.”

மணி பத்து இருபது. மூன்று இரவுகளாக ரோண்டா அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். இப்போது உட்கார்ந்திருப்பதுகூட வேலையாகத் தெரிந்தது.

கதவு திறந்தது. பிரெக்கி சட்டென்று எழுந்தார்.

“அடடே, டேரில் ஹாக்! டிவில பாக்கறதவிட உயரமா இருக்கீங்களே. என் வீட்டுக்காரி உங்களுக்குத்தான் ஓட்டுங்கறா. நான் இன்னும் முடிவு பண்ணலை.”

“அவங்க பேச்சைக் கேளுங்க சார், நல்லது நடக்கும்” என்று டேரில் சிரித்தான். அந்தச் சிரிப்பு தானாக வந்து தானாகப் போனது.

“அர்டிஸை உங்களுக்குத் தெரியுமா?”

டேரில் மேஜையில் இருந்த படிவத்தைப் பார்த்தான்.

“மிஸ்டர் பிரெக்கி, ஒரு பத்து நிமிஷம் எங்களுக்குக் கொடுங்க” என்றாள் ரோண்டா.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

வடக்கு டகோட்டா மாநிலத்தில் அந்த வசந்தத்தில் டேரிலின் முகம் தெரியாத வீடு இல்லை. கவர்னர் தேர்தலுக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வங்கி முதலாளி. மற்றவன் டேரில், காளைச் சவாரிப் போட்டி நடக்கும் ரோடியோ மைதானங்களில் இருபது வருடம் கோமாளியாக இருந்தவன். முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு, காளை தூக்கி எறிந்த ஆள் எழுந்து ஓடும்வரை அந்தக் காளையைத் தன் பக்கம் இழுப்பது அவன் தொழில். “கோமாளிக்கா ஓட்டு?” என்று வங்கிக்காரர் கேட்டார். “கொம்புக்கு முன்னால நின்னவன் நான், உங்க நாற்காலிக்கு முன்னால நிக்கமாட்டேனா?” என்று டேரில் திருப்பிக் கேட்டான். கூட்டம் கைதட்டியது. தினமும் வானிலை அறிக்கைக்கு முன்னால் வந்த விளம்பரத்தில் அவன் சொன்னது இதுதான்: “எனக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை. எட்டு வயசுல இருந்து முன்பின் தெரியாத ஒன்பது குடும்பங்கள் என்னை வளர்த்தாங்க. இந்த மாநிலம்தான் என் வீடு.”

“உட்காரு.”

“நிக்கறேன்க்கா. பன்னிரண்டு மணிக்கு மைனாட்ல கூட்டம்.” அவன் தலைகீழாகவே படிவத்தைப் படித்தான். “என் பேரை எழுதிட்டியா?”

“இல்ல.”

“எழுதாத. அடுத்த செவ்வாய்க்கிழமை ஓட்டு. இல்லாத அம்மா இந்தப் புதன்கிழமை பேப்பர்ல செத்தா, நான் எந்த மூஞ்சியோட மேடை ஏறுவேன்?”

“மேடையில அவளை ஏன் சாகடிச்ச?”

“சாகடிக்கலை. இல்லைன்னு சொன்னேன். அது பொய்யா? நீயே சொல்லு. ஆறே மாசம்னு சொல்லி அனுப்பினா. நாப்பத்திரண்டு வருஷம் ஆச்சு.”

ரோண்டாவால் அதைப் பொய் என்று சொல்ல முடியவில்லை. அப்பா கிடங்கில் தானியத்துக்குள் புதைந்து இறந்த வருடம் அது. பிள்ளை நலத்துறையின் கார் வாசலில் நின்றபோது, பழுப்புக் காகிதப் பையில் டேரிலின் இரண்டு சட்டைகளையும் காலுறைகளையும் மடித்து வைத்தது அவள்தான். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பிறகு அம்மா மோயனைக் கட்டிக்கொண்டு மாநிலத்தின் இந்த மூலைக்கு வந்தாள். மோயன் வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் இடம் இருந்தது. இந்த ஊரில் யாருக்கும் வேறு கதை தெரியாது.

“எழுதாம விட்டா உனக்கு நல்லது” என்றாள் ரோண்டா. “அம்மாவும் அப்படித்தான் நினைச்சாளோ என்னவோ. இல்லத்துல எல்லார்கிட்டயும் ஒரே பொண்ணுன்னுதான் சொல்லியிருக்கா. நீ வந்துட்டுப் போன அன்னிக்கும் அதையேதான் சொன்னா.”

“நான் எங்க வந்தேன்?”

“ஏப்ரல்ல. கூடத்துல எல்லாரையும் வீல்சேர்ல வரிசையா உட்கார வெச்சிருந்தாங்க. ஒவ்வொருத்தருக்கா கை குடுத்துக்கிட்டே போனியே.”

டேரில் மேஜையில் கையை ஊன்றினான். “இந்த ஊர்லயா இருந்தா?”

“நீ கேட்டதே இல்ல.”

அவன் உட்கார்ந்தான். “எந்தப் பக்கம்?”

“ஜன்னலோரம். மடியில பச்சைப் போர்வை.”

கார்பெட்டைப் பார்த்தபடி அவன் அந்த வரிசையை நினைவில் தேடினான். கடைசியில் அவன் தலையை ஆட்டினான். கிடைக்கவில்லை.

“நான் என்ன சொன்னேன் அவகிட்ட?”

“எல்லார்கிட்டயும் சொன்னதுதான். உங்களை மாதிரி ஆளுங்க கட்டின மாநிலம் இதுன்னு.”

“அவ?”

“ரொம்ப சந்தோஷம் சார்னு சொல்லியிருக்கா. பக்கத்துல இருந்த நர்ஸ்தான் எனக்குச் சொன்னா. நீ போன பிறகு அந்த நர்ஸ் பொண்ணு, ‘அர்டிஸ், அந்த ஆளுக்கு உங்க தாடை’ன்னு கிண்டல் பண்ணிச்சாம். அதுக்குத்தான், எனக்கு ஒரே பொண்ணுன்னு சொன்னாளாம். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாளாம்.”

“யாருக்காகச் சொன்னா? எனக்காகவா, அவளுக்காகவா?”

‘உனக்காக’ என்று சொல்லிவிடலாம். அது ஒரே வார்த்தை, சொல்லிவிட்டால் இருவரும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் பொய் சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

“தெரியல டேரில். கேக்கணும்னு நினைச்சேன். கேக்காமலே விட்டுட்டேன்.”

மணி பத்து ஐம்பது. ரோண்டா படிவத்தை அவன் பக்கம் தள்ளி, அதன் மேல் பேனாவை வைத்தாள்.

“நான் ஒரு தடவை உன் மூட்டையைக் கட்டி அனுப்பியாச்சு. இன்னொரு தடவை என்னால முடியாது. எழுதறதோ விடறதோ, நீயே பண்ணிக்கோ.”

டேரில் பேனாவை எடுத்தான். ரோண்டா எழுதியிருந்ததை மேலிருந்து ஒருமுறை படித்தான். பிறகு, பள்ளிப் பையனைப் போல ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி எழுதினான். அவன் என்ன எழுதினான் என்று ரோண்டா எட்டிப் பார்க்கவில்லை.

பிரெக்கி வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தைக் கையில் எடுத்தார். அவர் உதடுகள் மெல்ல அசைந்தன. ஓர் இடத்தில் நின்றன. யாரையும் பார்க்காமல் பக்கத்து அறைக்குப் போனார். அவர் போனில் பேசுவது சுவர் வழியாகக் கேட்டது.

“மகள் ரோண்டா லிண்ட். ஃபார்கோ. மகன் டேரில் ஹாக்… ஆமாம்மா. அவரேதான்… நான் ஏன்மா சாவு வீட்டு விஷயத்துல விளையாடப்போறேன்? மகன்னு போடு.”

அவர் திரும்பி வந்தபோது டேரில் எழுந்து நின்றிருந்தான்.

“அவளைப் பாக்கலாமா?”

“இன்னும் தலை வாரலை சார். ஒரு மணி நேரம் ஆகும்.”

“சரி.”

அவன் அறைக்கு வெளியே போய் நடைக்கூடத்தில் இருந்த மர நாற்காலியில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். அவனுடைய உதவியாளர் கெய்லி வாசலில் இருந்து தலையை நீட்டினாள்.

“சார், இப்பக் கிளம்பினாத்தான் மைனாட் போய்ச் சேர முடியும்.”

அவன் நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் ஒரு நிமிடம் அங்கேயே நின்றாள். பிறகு போனாள். ரோண்டா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கெய்லி காரின் கதவைத் திறந்து உள்ளே குனிந்தாள். என்ஜின் நின்றது. கையில் போன் ஒலித்துக்கொண்டே இருக்க, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் அவள் வெயிலில் நின்றாள்.