கத்தி போன வழி

அண்ணியின் பசுமைக்குடிலுக்குள் கால் வைத்ததுமே அவள் நின்றுவிட்டாள். தக்காளி இலையெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாய்க் கிடந்தன.

“பூச்சிமருந்து அடிச்சு அடிச்சு கை ஓஞ்சுபோச்சு. ஊருக்கெல்லாம் வைரஸ் ஆராய்ச்சி பண்றே, உங்க அண்ணன் தோட்டம் மட்டும் இப்படிப் போகணுமா?” அண்ணி ஒரு இலையைக் கிள்ளி எறிந்தாள்.

அவள் இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். வைரஸைச் சுமந்து வரும் அசுவினிப் பூச்சி ஒன்றுகூட வலையைத் தாண்டி வந்திருக்கவில்லை.

“கத்தியால கிளை கழிக்க எங்கேருந்து ஆரம்பிப்பீங்க அண்ணி?”

“வாசல்லேருந்துதான். கடைசி வரிசைக்கு இன்னும் போகலை.”

வாசலோரத்தில்தான் நோய் முற்றியிருந்தது. கத்தி போகாத கடைசி வரிசை பளபளவென்று நின்றது. நோயைச் சுமந்துபோவது கத்திதானோ என்று அவளுக்குச் சுருக்கென்றது. இலைகளைப் பறித்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினாள்.

ஆய்வக இயக்குநர் சிரித்தார். “கத்தியில பரவுற மொசைக் வைரஸைத் தாங்குற ரகம்மா இது. அசுவினி கொண்டுவர்ற வெள்ளரி மொசைக் வைரஸ்தான் வந்திருக்கும். இதுக்குப் போய் ஜாதகம் கணிக்கணுமா?”

“குலம் கோத்திரம் தெரியாம வைத்தியம் எப்படி சார் பண்றது?”

இலைச்சாற்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தாள். வெள்ளரி மொசைக் என்றால் உருண்டை உருண்டையாகத் தெரியும். திரையில் வந்தவையோ குச்சிகள்! தீப்பெட்டியைக் கொட்டிவிட்டதுபோல் திரை நிறையக் குச்சிகள். இயக்குநர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “மரபணுவைப் படிச்சிடுவோம்,” என்றார்; குரலில் கேலி இல்லை.

படித்தார்கள். குச்சி வைரஸ்களின் குடும்பம்தான், சந்தேகமில்லை. ஆனால் தெரிந்த எந்த இனத்தோடும் ஒட்டவில்லை; நெருங்கிய உறவுகூடப் பங்காளி முறைக்கு அப்பால் நின்றது. அந்த இலைச்சாற்றை அதே ரகத்தின் நல்ல செடியில் தேய்த்தாள். அதே திட்டுகள், உள்ளே அதே குச்சிகள். ரகத்தின் காவலை ஏமாற்றி நுழைந்த திருடன் கையும் களவுமாகச் சிக்கிவிட்டான்.

வைரஸ்களை வகைப்படுத்தும் உலகக் குழு அதைப் புது இனம் என்று ஏற்றுக்கொண்ட அன்று, இயக்குநர் எல்லார் முன்னாலும் கை கொடுத்தார். “நான் சொன்னது தப்பும்மா. ஜெயிச்சுட்டே!”

அதற்குள் அண்ணி நோய்ச்செடிகளைப் பிடுங்கி எரித்து, புது விதை போட்டிருந்தாள். இப்போது செடிக்குச் செடி கத்தியைக் கிருமிநாசினியில் முக்கித்தான் வெட்டுகிறாள், அக்கம்பக்கத்தாரும் அப்படியே. குடில் முழுக்கச் செக்கச்செவேலென்று காய்த்துக் குலுங்கியது.

“புது வைரஸுக்குப் பேர் வச்சியாமே, என் பேரை வைக்கத் தோணலையா?”

“நோய்க்கா அண்ணி?”

“பின்னே? உங்க அண்ணன் என்னை அப்படித்தானே சொல்றாரு!”

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.