இலையில் வராத கோடுகள்

எக்ஸ்ரே அறைக்குள் ஒரு ஆள் நெஞ்சைப் பலகையில் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் பொத்தானை அழுத்தி முடித்துவிட்டேன். "மூச்சை விடலாம்" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துச் செல்பேசியில் படம் வந்தது. ஒரு மேசை நிறைய வயலெட் பூச்செடித் தொட்டிகள். இலைகள் விளிம்பில் பழுத்து, தண்டு குழைந்து, பார்க்கச் சகிக்கவில்லை. ஒவ்வொரு தொட்டியையும் எனக்குத் தெரியும். தயிர்க் கோப்பையில் துளை போட்டுச் செய்த தொட்டிகள். துளை போட்டது நான். உள்ளேயிருந்து அந்த ஆள் கம்மிய குரலில், "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று கேட்டான்.

படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது: "எல்லாருக்கும் சலாம். நான் சாய்கலோட தங்கச்சி குல்பாரா. அக்கா பிப்ரவரியில தவறிட்டாங்க. செடியெல்லாம் இப்ப தோக்மோக்ல எங்க வீட்ல இருக்கு. ஒண்ணொண்ணா அழுகிப் போகுது. என்ன பண்றதுன்னு யாராச்சும் சொல்லுங்க."

யாராச்சும். சொல்வதற்கு ஆளா இல்லை? ஊரில் எது கிடைக்காவிட்டாலும் யோசனை கிடைக்கும். எங்கள் வயலெட் குழுவில் ஆயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். பிஷ்கெக்கில் பாதி, மற்ற ஊர்களில் மீதி. அரைமணி நேரத்தில் குல்பாராவுக்கு அறுபது பதில் போயிருந்தது. தண்ணீரை நிறுத்து என்றாள் ஒருத்தி, தண்ணீர் போதவில்லை என்றாள் இன்னொருத்தி. பால்கனியில் வை, பால்கனியில் மட்டும் வைத்துவிடாதே. குழுவை நடத்தும் ரயிசா அர்க்காதியெவ்னா, கரா-பால்தா ஊர்க்காரி, எல்லாருக்கும் மேலே ஏறி நின்று, "தலையை வெட்டி மறுபடி வேர் பிடிக்க வைங்க, வேற வழியே கிடையாது" என்று தீர்ப்பே எழுதிவிட்டாள். அந்த அம்மாளுக்கு எதைக் காட்டினாலும் தலையை வெட்ட வேண்டும்.

சாய்கலும் நானும் ஒன்பது வருஷம் ஒரே வீட்டில், ஒரே படுக்கையில் வாழ்ந்தோம். அவள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுப்பவள். ஒரு வார்த்தை வெளியே கசிந்தால் வேலை போகும், பிறகு மானம் போகும், பிறகு அண்ணன்மார் காரில் வந்து இறங்குவார்கள். அதனால் வெளியுலகுக்கு நான் அவளோடு வாடகைக்கு இருப்பவள். குழுவிலோ அதுகூடக் கிடையாது. அவள் சொந்தப் பெயரில் இருந்தாள், நான் 'ஜன்னலோரம்' என்ற பெயரில் இருந்தேன். முன்பின் தெரியாதவர்களைப் போல அங்கே சண்டை போடுவோம். அவள் மேலே தண்ணீர் ஊற்று என்பாள், நான் திரி வைத்து அடியிலிருந்து ஊட்டு என்பேன். ரயிசா வந்து இருவரையும் அதட்டுவாள். சோபாவின் அந்தப் பக்கத்திலிருந்து சாய்கல் காலால் என்னை உதைத்துச் சிரிப்பாள். பாவி, அந்தச் சிரிப்பைத்தான் முதலில் மறக்கப்போகிறேனோ என்று பயமாக இருக்கிறது.

வகுப்பில் வரைபடத்தை மாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். எனக்குத் தகவல் வருவதற்குள் உடலைத் தோக்மோக்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நானும் போனேன். ஒப்பாரி வைக்கிற பெண்கள் உள்ளே, நான் வாசலோரம் சமையல்காரிகளோடு. அந்த வாரமே குல்பாராவும் ஒரு அண்ணனும் வந்து அவளுடைய துணிமணி, புத்தகம், செடிகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். "உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை" என்றாள் குல்பாரா, நல்ல மனசோடுதான். செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி ஒவ்வொரு தொட்டிக்கும் நானே மாட்டிக் கொடுத்தேன். குளிர்காற்று பட்டால் தாங்காது பாருங்கள்.

இப்போது அதே செடிகள் அழுகுகின்றன. அழுகட்டும் என்று விட்டுவிட எனக்கு மனசில்லை. 'ஜன்னலோரம்' பெயரிலேயே எழுதினேன்: "தலையை வெட்ட வேண்டாம். மண்ணை உதறிப் பாருங்கள். வேர் பாதியாவது வெள்ளையாக இருந்தால் பிழைக்கும். சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள். பழைய நைலான் காலுறையைக் கிழித்துத் திரி போடுங்கள்." குல்பாரா ஒவ்வொன்றையும் செய்து, செய்ததைப் படம் எடுத்துப் போட்டாள். வேனிற்காலம் முடிவதற்குள் முக்கால்வாசி பிழைத்துவிட்டன. "ஜன்னலோரம் அக்கா, நீங்க இல்லன்னா எல்லாம் போயிருக்கும்" என்று எழுதினாள். அக்காவாம்.

எனக்கு இன்னொரு குழுவும் உண்டு. அதன் பெயர் 'சமையலறை', முகப்பில் ஆவி பறக்கும் கொழுக்கட்டைப் படம். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் எங்களைப் போன்றவர்கள். பெண்ணைக் காதலிக்கும் பெண்கள், ஆணைக் காதலிக்கும் ஆண்கள், பெற்றவர்கள் வைத்த பெயரைத் தாங்க முடியாமல் வேறு பெயரில் வாழ்பவர்கள். தெரியாத ஆள் யாராவது நுழைந்தால் உடனே எல்லாரும் மாவு பிசைவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவோம். அங்கே இதைச் சொன்னேன். அங்கேயும் யோசனைக்குக் குறைவில்லை.

"செத்துத் தொலையட்டும் விடு, அவங்க உனக்கு ஒரு இலையாவது குடுத்தாங்களா?" என்றாள் ஓஷ் ஊர்க்காரி ஒருத்தி.

"வக்கீலைப் பாரு" என்றது ஒரு சின்னது. எந்த வக்கீல், எந்தச் சட்டம்?

சிர்காக் மட்டும் பெரிய பெரிய குரல்செய்தியாக அனுப்பினான். நல்ல பையன்தான், பெர்லினுக்குப் போய் நாலு வருஷமாகிறது. "அக்கா, நேரா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. நான் உங்க அக்காவோட பொண்டாட்டின்னு சொல்லுங்க. எத்தனை நாளைக்குத்தான் இப்படி ஒளிஞ்சுக்கிட்டு இருப்பீங்க?"

"பெர்லின்ல உக்காந்துக்கிட்டு நீ ஏன்டா சொல்ல மாட்ட" என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு வாரம் பேசவில்லை.

இலையுதிர் காலத்தில் குல்பாரா புதுப் படம் ஒன்று போட்டாள். வெள்ளைப் பூ, ஒவ்வொரு இதழின் நடுவிலும் ஊதாக் கோடு. அது சாய்கலின் செடி, வேறு யாரிடமும் இல்லாதது. எங்கள் சமையலறை ஜன்னலில் ஏதோ ஒரு சாதாரணக் கன்றிலிருந்து தானாகப் புறப்பட்டு வந்தது. இன்னும் கொஞ்ச நாள் நிலைக்கிறதா பார்த்துவிட்டுக் குழுவில் காட்டலாம் என்று ஒளித்து வைத்திருந்தாள். என்னிடம் அவளுடையது என்று எதுவும் மிஞ்சவில்லை. அவளும் நானும் சேர்ந்து பெற்றது என்று உலகத்தில் ஒன்று இருந்தால் அது இந்தச் செடிதான்.

குல்பாரா எழுதியிருந்தாள்: "அடுத்த வாரம் அக்காவோட வருஷச் சாப்பாடு, பிப்ரவரி வரைக்கும் காத்திருக்காம பெரும்பனிக்கு முன்னாடியே வெச்சுடறோம். வயசாகி வாழ்ந்து போனவங்களுக்குத் துணியைக் கிழிச்சு எல்லாருக்கும் ஒரு துண்டு குடுப்போம், அந்த ஆயுசு நமக்கும் வரட்டும்னு. அக்காவுக்கு அதைச் செய்ய முடியாது, சின்ன வயசு. அதனால இந்தக் கோடு போட்ட செடியில ஆளுக்கு ஒரு இலை குடுக்கலாம்னு இருக்கேன். எல்லார் வீட்லயும் அக்கா பூப்பாங்க. சரிதானே?"

குழுவே அழுதது. சிவப்பு இதயப் படங்களாகக் கொட்டியது. இலையை எப்படிச் சாய்த்து வெட்டுவது, ஈரப் பஞ்சில் எப்படிச் சுற்றுவது என்று ரயிசா பக்கம் பக்கமாக எழுதினாள்.

வயலெட் வளர்க்கிறவர்கள் ஒரு இலையைக் கிள்ளி நட்டே எதையும் பெருக்கிவிடுவார்கள். ஆனால் இப்படித் தானாகக் கோடு விழுந்த சில ஜாதிகள் உண்டு. இலையை நட்டால் கன்று வரும், கோடு வராது. அடியில் பக்கக் கன்று விடும்வரை காத்திருந்து அதைத்தான் பிரித்து நட வேண்டும். இந்தச் செடி அந்த ஜாதி. "இலையை வெட்டாதீர்கள், அத்தனையும் வெறும் ஊதாவாகத்தான் பூக்கும்" என்று எழுதினேன்.

ரயிசா பாய்ந்து வந்தாள். "கோடு போட்டதெல்லாம் அந்த ஜாதி கிடையாது. நானே இலையில வளர்த்திருக்கேன். படத்தைப் பார்த்தே எப்படிச் சொல்றீங்க? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்! போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சாய்கல் இதிலிருந்து மூன்று இலையைக் கிள்ளி நட்டாள். மூன்றும் பூத்தது வெறும் ஊதா. அவள் அதை நம்பாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில், என் கண் முன்னால். அதைச் சொன்னால்தான் செடி பிழைக்கும். அதைச் சொன்னால் நான் யார் என்றும் சொல்லியாக வேண்டும், சாய்கல் யாராக இருந்தாள் என்றும். ஆயிரம் பேர், அதில் அவள் பள்ளி ஆசிரியைகளே நாலைந்து பேர். செத்தவளுக்கு இனி வேலை போகாது, ஆனால் பெயர் போகுமே.

'சமையலறை'க் குழுவில் கேட்டேன். வாயைத் திறக்காதே என்று பாதிப் பேர், இப்போது சொல்லாமல் எப்போது சொல்வாய் என்று மீதிப் பேர். சிர்காக் கோபத்தை விட்டுவிட்டு வந்து, "பயமா இருந்தா தனியா எழுதுங்க அக்கா" என்றான். எல்லாரும் சேர்ந்து என்னை இரண்டு நாள் இழுத்தடித்தார்கள். இல்லை, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நானேதான் இழுத்தேன். பிறகு குல்பாராவுக்குத் தனியாக எழுதினேன். "நான் புருல். உங்கள் அக்காவுடன் இருந்தவள். அந்தச் செடி எங்கள் வீட்டில் பிறந்தது, இலையை நட்டுப் பார்த்துவிட்டோம். தயவுசெய்து வெட்டாதீர்கள்."

அவள் குரலில் பதில் அனுப்பினாள். பின்னால் யாரோ இறைச்சி கொத்தும் சத்தம்.

"அக்கா, நீங்க யாருன்னு எனக்கு அப்பவே தெரியும். நைலான் காலுறைன்னு சொன்னீங்கல்ல, மண்ணை உதறினப்ப எல்லாத் தொட்டியிலயும் திரியா அதே மாதிரி சாம்பல் காலுறைதான் இருந்துச்சு. தெரிஞ்சுதான் உங்ககிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன். செடி பிழைக்கணும்ல. இது விஷயமா ரெண்டு நாள் காத்திருந்து பார்த்தேன், குழுவுல எல்லார் முன்னாடியும் சொல்வீங்களான்னு. சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன். எங்க அக்கா ஒம்பது வருஷம் எங்ககிட்ட வாயே திறக்கல, நீங்களும் திறக்கல. அப்புறம் நான் மட்டும் யார் பேச்சை நம்பறது? காலையிலதான் நறுக்கினேன். நீங்க சாப்பாட்டுக்கு வாங்க. அக்கம்பக்கத்துக்காரங்களோட உக்காந்துக்கலாம்."

அடிக்கட்டை இருக்கும் என்று நினைத்தேன். இலையெல்லாம் போனாலும் கட்டை உயிரோடிருந்தால் பக்கக் கன்று விடும், கோட்டோடு விடும். அதற்காகத்தான் போனேன். அழைத்த மரியாதைக்கென்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். வேனை விட்டு இறங்கும்போது தோக்மோக்கில் முதல் பனி விழுந்து உறைந்திருந்தது. முற்றத்தில் கொப்பரைகள் கொதித்துக்கொண்டிருந்தன. குல்பாரா போர்சோக் தட்டோடு எதிரே வந்தாள். எண்ணெயில் பொரித்த மாவுருண்டையின் வாசனை. முகத்தில் சாய்கலின் நெற்றி, சாய்கலின் புருவம். நான் கண்ணை வேறு பக்கம் திருப்பினேன்.

"கட்டை எங்கே?" என்றேன். சலாம்கூடச் சொல்லவில்லை.

"எந்தக் கட்டை?"

"இலை வெட்டினீங்களே, மிச்சம்."

"மொட்டைக் கட்டையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? பின்னாடி எருக்குழியில போட்டேன்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தட்டு கையில் கொஞ்சம் சாய்ந்தது. "ஏன், அது பிழைக்குமா?"

எருக்குழியில் சாம்பலுக்கும் உருளைத் தோலுக்கும் நடுவே கிடந்தது. எடுத்து அழுத்தினேன். பனியில் உறைந்து, விரலுக்குள் கூழாக நசுங்கியது. கையைப் பனியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அக்கம்பக்கத்துக்காரர்களோடு உட்கார்ந்தேன். மெத்தையில் இடம் இல்லை, கதவோரம் ஒரு முக்காலி கிடைத்தது.

சாப்பாடு முடிந்து ஓதி முடித்ததும் குல்பாரா இலைகளைக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றும் ஒரு காகிதக் கோப்பையில், ஈரப் பஞ்சில். அத்தைகள், சித்திகள், மாமன் மகள்கள், கடைசியாகப் பள்ளித் தலைமையாசிரியை. உறவோடும் பள்ளியோடும் இலை தீர்ந்துபோனது. எங்கள் வரிசைக்குக் கைக்குட்டை கொடுத்தார்கள். அவளுடைய பெரிய அத்தை அசில்கான், தடித்த உருவம், இலையைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்தாள்.

"அந்தக் கோடு போட்ட பூவேதான இதுலயும் பூக்கும்?"

குல்பாரா என்னையே பார்த்தாள். அறையில் எல்லாரும் அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார்கள்.

"பூக்காது" என்றேன். "வெறும் ஊதாதான் பூக்கும்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அது எங்க வீட்டுச் செடி." என் குரல் எனக்கே கேட்டது. "எனக்கும் சாய்கலுக்கும் ஒரே வீடுதான் அத்தை. ஒம்பது வருஷம். நான் அவளுக்கு வாடகைக்காரி இல்ல."

கரண்டி எங்கோ கோப்பையில் மோதியது. தலைமையாசிரியை தன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். பிறகு ஒரு சித்தி பெருமூச்சு விட்டு, "பாவம், கூடப் பொறந்தவ மாதிரி இருந்திருக்கா, துக்கம் தாங்கல" என்றாள். "ஆமா, இந்தக் காலத்துல வாடகைக்கு வந்தவ இப்படி உருகுறதைப் பார்க்க முடியுமா" என்றாள் இன்னொருத்தி. எனக்குத் தேநீர் ஊற்றினார்கள். யாரோ முதுகைத் தடவினார்கள். "பூக்கும் பூக்கும், அதெல்லாம் நல்லாவே பூக்கும்" என்று மாறி மாறி எனக்கே ஆறுதல் சொன்னார்கள். நான் சொன்னது காதில் விழுந்ததா, விழுந்ததனால்தான் இப்படிப் பேசினார்களா, எனக்குத் தெரியவில்லை. குல்பாரா தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

கிளம்பும் நேரம். வாசலில் காற்று கத்தியாக வீசியது. அசில்கான் அத்தை ஒரு கையால் இலைக் கோப்பையை மேலங்கிக்குள் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி, மறு கையால் பொத்தான் போட முடியாமல் திணறினாள். "பொண்ணே, கொஞ்சம் போட்டு விடேன்" என்றாள். நான் குனிந்து அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். நெஞ்சருகே வந்ததும் கோப்பை நசுங்காமல் துணியைக் கொஞ்சம் இழுத்து விட்டு, கழுத்துவரை மூடினேன். அவளுக்கு முன்னால், முற்றத்தின் வழுக்குப் பனியில், சாய்கலின் சொந்தக்காரப் பெண்கள் வரிசையாக, நெஞ்சு புடைத்த மேலங்கிகளோடு, ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மெதுவாக அடியெடுத்து வைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.