விழுந்ததற்குச் சாட்சி

பசிபிக் கடலோரத்துப் பெருவீடு ஒன்றின் ஆயிரமாண்டுப் பெயரை, இத்தாலியின் பலெர்மோவில் ஒரு கோப்பை சோறு தின்று காப்பாற்றியவன் நான். நம்பாதவர்கள் வரிசையாக வந்து நிற்கலாம். முதல் ஆளாக என் நண்பன் பெனடிக்ற் நிற்பான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஆடி வெயில். யாழ்ப்பாணத்தில் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்ற நான் பலெர்மோவின் கால்சாப் பகுதியில் மகள் நிரோசினியோடு இருந்தேன். மாலையில் எங்கள் தமிழாட்களோடு மீன்கடைப் பக்கம் கூடிக் கதைப்பேன். அங்கேதான் டொரத்தி விழுந்தாள். கனடாவின் மேற்குக் கரையிலிருந்து வந்த சிம்ஷியன் பழங்குடிப் பெண்; துறைமுகத்தில் நின்ற சுற்றுலாக் கப்பலில் சமையல் வேலை. மீன் தண்ணீரில் வழுக்கி அவள் விழுந்த விழுகையில் எட்னா எரிமலையே ஒரு கணம் புகையை நிறுத்தியது. நாங்கள் சிரித்தோம். பெனடிக்றின் சிரிப்பு மொண்டெல்லோக் கடற்கரை வரை கேட்டிருக்கும்.

எழுந்தவள் நேரே வந்து, இங்கிலீசு தெரிந்தவர் யார் என்று கேட்டாள். எனக்கு அன்று அடித்தது யோகம்.

அவள் சொன்னபடி, அவளுடைய ஆட்களிடம் வீடு என்றால் சுவரும் கூரையும் அல்ல. தாய்வழியில் வரும் ஒரு கூட்டம். ஆறும் மீன்பிடி இடமும் கதைகளும் பெயர்களும் அந்த வீட்டுக்குச் சொந்தம். இறந்துபோன தாய்மாமனின் பெயரை அவளுக்குச் சூட்ட வீட்டார் நாள் பார்த்திருந்தார்கள். அப்படிப்பட்டவள் பலர் முன் விழுந்தால் அவமானம் வீட்டுக்கே. கண்டவர்களுக்குச் சோறு போட்டு, கையில் ஏதாவது கொடுத்து, அவர்கள் வாயால் சொல்லவைத்து அதைக் கழுவ வேண்டும். கழுவாமல் போய் அந்தப் பெயரை ஏற்க அவளுக்கு மனம் வராது. கப்பலோ மறுநாள் மாலை புறப்படுகிறது.

மறுநாள் காலை சாட்சிகளைத் தேடி நான் ஓடிய ஓட்டத்தில் செருப்பிலிருந்து புகை வந்தது. ஒருவர் தன் இத்தாலிய முதலாளியம்மா சிஞ்ஞோராவின் வீட்டில் யன்னல் துடைத்துக்கொண்டிருந்தார். பெனடிக்றை உணவகத்து அடுப்படியிலிருந்து இழுத்து வந்தேன்.

நிரோசினியின் குசினியில் டொரத்தி மீனும் சோறும் சமைத்தாள். தின்றோம். பிறகு அவள் ஆளுக்கொரு துவாய் நீட்டியபோதுதான் வந்தது வினை. எங்கள் பழக்கம் தெரியும்தானே. சாப்பிட்டதே காணும் பிள்ளை என்று ஒவ்வொருவரும் தள்ளிவிட்டார்கள். அவள் முகம் கறுத்துப்போயிற்று. வாங்க மறுப்பது சாட்சி சொல்ல மறுப்பதாம். நான் விளக்கியபின் எல்லோரும் வாங்கி, கண்டோம் என்றார்கள், பெனடிக்றைத் தவிர.

"சும்மா அளக்காதேங்கோ அண்ணை. வீடு சட்டம் போடுமோ?"

"உன்ரை வீட்டிலை மனிசி செலஸ்ரீனா போடுறதுக்குப் பேர் என்ன?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பாவம், டொரத்தியின் மானத்தைக் காக்கத்தான் நினைத்தான்.

"அவ விழேல்லை. நான் ஒண்டும் காணேல்லை. அப்பிடியே சொல்லிவிடுங்கோ."

தமிழ் தெரியாவிட்டாலும் அவன் கையாட்டியதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. நீட்டிய துவாயை அவள் இறக்கவில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதியது. நிரோசினி அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் குசினிக்கும் நடந்தாள். நான் மணிக்கூட்டைப் பார்த்த பார்வையில் முள் பயந்திருக்கும். டொரத்தி மட்டும் அசையவில்லை.

"மறைச்சா அது அவவோடையே கப்பலேறும், பெனடிக்ற்," என்றேன். "கண்டவன் சொன்னாத்தான் இஞ்சையே முடியும்."

கப்பல் மறுபடி ஊதியது. பெனடிக்ற் எழுந்தான். துவாயை வாங்கித் தோளில் போட்டான். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்; நான் இங்கிலீசாக்கினேன்.

"ஓம், நடந்தது. இவ விழுந்தவ. நான் கண்டனான், சிரிச்சனான். இனி ஆரும் சிரிக்கேலாது."