செல்வநாயகத்தின் முனகல்

விசுவமடுவில் செல்வநாயகம் முனகத் தொடங்கினால் அந்த வீட்டில் ரேடியோவும் வாயை மூட வேண்டும். கடைசிச் சண்டையில் ஷெல் பட்டு முழங்காலுக்குக் கீழே போன கால், இல்லாத பாதத்திலிருந்து பதினைந்து வருடமாக அவரைக் குடைந்தது. அது பொய்யில்லை. மனைவி ஜெகதீஸ்வரி கண்ணால் கண்ட நோவு.

போன வருடம் ஆஸ்பத்திரியில் தொடை நரம்புக்குப் பக்கத்தில் மயிர் போன்ற வயர் ஒன்றை ஊசியால் ஏற்றி, சின்ன மெசின் ஒன்றைத் தோலில் ஒட்டிவிட்டார்கள். அறுபது நாள் மெல்லிய கரண்ட். நோவு அடங்கி, மனிசன் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். பிறகு வயரை உருவினார்கள். அன்று பின்னேரமே, "பழையபடி தொடங்கீட்டுது" என்றார். ஜெகதீஸ்வரி நம்பினாள். மோட்டரை நிறுத்தினால் வாய்க்காலில் தண்ணீரும் நிற்கும்தானே? அன்றிலிருந்து பத்து மாதம், வயலிலிருந்து வந்த களைப்பு ஆறமுன் எண்ணெய் சூடாக்கி அந்தக் காலை உருவிவிட்டாள்.

இப்போது மகள் யதுர்ஷிகாவுக்கு மட்டக்களப்புக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை பதிய வேண்டும்.

"பிள்ளை போனா என்னை ஆர் பாக்கிறது?" என்று அழுதார் தகப்பன். பெட்டைப்பிள்ளை போகவில்லை என்று சொல்லிவிட்டாள். ஜெகதீஸ்வரியும் சரியென்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரித் தாதி சுதாஜினி அவரை விசாரிக்க வந்தாள். ஜெகதீஸ்வரி குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு சேலை மறைப்புத்தான்.

"நோவு எப்பிடி ஐயா?"

"இருந்தா என்ன செய்வியள் மிஸ்ஸி?"

"திருப்பி வயர் ஏத்தலாம்."

"அந்த ஊசியோ? வேண்டாம், வேண்டாம். வயர் எடுத்ததிலையிருந்து ஒரு நோவும் இல்லை. சத்தியமா."

"ஓம், சில பேருக்கு அப்பிடித்தான். எடுத்தாப் பிறகும் சுகம் நிலைக்கும்." தாதி சந்தோஷமாக எழுதிக்கொண்டாள்.

ஜெகதீஸ்வரி தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டாள். சவர்க்காரம் போட்டு இரண்டு கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சீழ் வடிந்த காலத்திலும் அந்தக் காலைத் தொட அவள் அருவருத்தவள் இல்லை. சீ, பெற்ற பிள்ளையின் படிப்பையும் தின்னப் பார்த்த மனிசன்.

தாதி படலையைத் தாண்டியிருக்க மாட்டாள், முனகல் எழுந்தது.

"ஈஸ்வரி, எண்ணெயைக் கொண்டா. உயிர் போகுது."

அவள் வெறுங்கையோடு போய் நின்றாள். "மிஸ்ஸியிட்டச் சொன்னது எனக்கும் கேட்டது."

முனகல் நின்றது. அவர் கூரை முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். "நோவில்லையெண்டா நீங்கள் ஆரும் என்னைத் திரும்பிப் பாப்பியளோ?" என்றார்.

"பாத்திருப்பம்" என்றாள் ஜெகதீஸ்வரி. "இனித் தொடவே அரியண்டமாக் கிடக்கு."

பிறகு மகளிடம் போனாள்.

"யது, திங்கக்கிழமை நானும் உன்னோட வாறன். ரெண்டு நாள் நிண்டு எல்லாம் ஒழுங்குபடுத்தீட்டு வருவன்."

"அப்பா?"

"கொப்பருக்கென்ன? சுகமாத்தான் இருக்கிறார்."