ஏரிமேல் நட்ட மரங்கள்

சறுக்குப் பலகையில் ஏற்றிய சவப்பெட்டியின் மேல் போட்ட கயிற்றை ரெனால்ட் அவிழ்த்து மறுபடியும் கட்டினான். கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்தது, மாட்டிக்கொண்டால் முடிச்சு விழவில்லை. தேவாலயப் படிகளில் ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"தள்ளு, நான் கட்றேன்," என்று ஆர்மண்ட் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக்காரர்களின் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர் அவர். "உங்கண்ணன் இந்த முடிச்சப் பாத்திருந்தான்னா எந்திரிச்சு வந்து ரெண்டு திட்டு திட்டிட்டுத்தான் திரும்பப் படுப்பான்."

சிரிக்க வேண்டிய பேச்சு. ரெனால்ட் கையுறையை மாட்டிக்கொண்டு விலகி நின்றான்.

பிப்ரவரியில் இந்த ஊரில் யாரும் மண்ணுக்குள் போக முடியாது. தரை பாறையாக இறுகிக் கிடக்கும். ஏரிக்கு அக்கரையில், கல்லறைத் தோட்டத்தில், ஒரு கல் அறை இருக்கிறது. குளிர்காலத்தில் செத்தவர்கள் மண் இளகும் மே மாதம் வரை அங்கேதான் காத்திருக்க வேண்டும். பிணத்தைச் சாலை வழியாகக் காரில் சுற்றிக் கொண்டுபோவதுதான் வழக்கம். அண்ணன் மனைவி ஈவெட் சம்மதிக்கவில்லை.

"ரோட்டுலயே போயிடலாம் அண்ணி. ஏரியில காத்து அடிக்குது," என்று காலையில்கூட ரெனால்ட் சொல்லிப் பார்த்தான்.

"அவரு குளிர்காலத்துல எப்ப ரோட்டுல போனாரு? ஏரியிலதான் போவாரு. ஏரியிலயே போகட்டும்." அழுது முடித்த குரல் அது. அதற்கு மேல் அவன் என்ன சொல்ல?

பெட்டிக்குள் கிடக்கும் அண்ணன் கில்மன்தான் ஏரிப் பாதைக்குப் பொறுப்பாளன். கிறிஸ்துமஸ் முடிந்து வீடுகளில் தூக்கிப் போடும் மரங்களையெல்லாம் வண்டியில் வாரிக்கொண்டு போய், உறைந்த ஏரியில் துளை போட்டு, அக்கரை வழியாகக் கனடா எல்லைவரைக்கும் வரிசையாக நடுவான். தெற்கேயிருந்து சனி ஞாயிறுகளில் ஸ்னோமொபைலோடு வருகிறவர்களை நம்பித்தான் ஊரில் விடுதியும் சாப்பாட்டுக் கடையும் பெட்ரோல் பங்கும் நடக்கின்றன. பனி கொட்ட ஆரம்பித்தால் எது வானம் எது ஏரி என்று தெரியாது. மரத்தை விட்டு விலகாமல் வந்தால் ஊர் வந்து சேரலாம். "உன் கண்ண நம்பாத, மரத்த நம்பு" என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லியே அவனுக்கு வாய் வலித்திருக்கும்.

அப்படிப்பட்டவன் பாதையை விட்டு விலகி, ஆறு வந்து ஏரியில் சேரும் ஆற்று முகத்தில், மெலிதான உறைபனி உடைந்து மூழ்கினான் என்றால் ஊர் என்ன நினைக்கும்? வழி தவறிய ஒரு கூட்டத்தைக் கரையோரமாகவே கூட்டிப்போய் எல்லையோர விடுதியில் விட்டுவிட்டு, ஏரிப் பாதையில் திரும்பும்போது நடந்தது. விடுதி என்றால் பிராந்தி. கில்மன் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன், பிறகு ஈவெட்டுக்காக அடியோடு விட்டவன். பூசை நடக்கும்போதே பின்வரிசையில் ஒருவர், "பழைய பழக்கம் எங்க போகும்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது ரெனால்டின் காதில் விழுந்தது. ஈவெட்டின் முதுகு நிமிர்ந்தது. அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

ஒரு வார்த்தையில் அவன் அந்த வாயை அடைத்திருக்கலாம். அதைச் சொல்லிவிட்டால் அண்ணி வீட்டுப் படியை மிதிக்க முடியாது, ஊரில் தலை நிமிர முடியாது. அந்த ஒரு வார்த்தையை அடக்கிக்கொண்டு அவன் முழந்தாளிட்டு எழுந்தான்.

நடந்தது இவ்வளவுதான். ஆற்று முகத்துக்குச் சற்று இப்பால் உறைந்த ஏரியின் மேலேயே, துளை போட்டுத் தூண்டில் விடும் ரெனால்டின் மீன்பிடிக் குடிசை இருக்கிறது. ட்ரவுட் மீன் அங்கேதான் நன்றாகக் கடிக்கும். ஒருநாள் மாலை பனியில் குடிசையைக் கண்டுபிடிக்கத் தடுமாறிப் போனான். காட்டுக்குப் போய் மரம் வெட்டிவரச் சோம்பல். பாதையிலிருந்து சில மரங்களைப் பிடுங்கித் தன் குடிசைக்கு வழி காட்ட நட்டுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை திருப்பி நட்டுவிடலாம் என்று நினைத்தான். ஞாயிறு வந்தது, மீனும் கடித்தது.

கில்மன் போன் செய்தான். "பாதையில நடுவுல மரம் காணோம்னு சொல்றாங்கடா. நீ அந்தப் பக்கந்தான இருக்க, பாத்தியா?"

"காத்துல விழுந்திருக்கும்ணா. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் மறுபடியும் கேட்டான். "நட்டுட்டியா?"

"நட்டாச்சு, நட்டாச்சு," என்றான் ரெனால்ட், தூண்டிலில் இருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று இரவே பனிப்புயல். நட்டாச்சு என்று தம்பி சொன்னதை நம்பி, கண்ணில் பட்ட மரங்களைப் பிடித்துக்கொண்டு அண்ணன் வந்திருக்கிறான். மரங்கள் அவனைப் பூட்டிக்கிடந்த குடிசைக்குக் கூட்டிப்போய், அதோடு தீர்ந்துவிட்டன. அதற்கப்பால் தண்ணீர்.

தேடிப் போனவர்கள் ஆற்று முகத்துக்குச் சாலைப் பக்கமாகப் போனதால் பாதையை யாரும் கவனிக்கவில்லை. நேற்று ரெனால்ட் தனியாகப் போனான். மரங்களைத் திருப்பி நட்டுவிட்டால் விஷயம் எந்தக் காலத்திலும் வெளியே வராது. முதல் மரத்தைப் பிடித்து அசைத்தவனுக்கு அதற்கு மேல் கை வரவில்லை. விட்டுவிட்டு வந்தான். சொல்லவும் துணிவில்லை, மறைக்கவும் துணிவில்லை.

ஆர்மண்டின் வண்டி பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் போனது. அடுத்து ரெனால்டின் வண்டி. அதில் பின்னால் உட்கார்ந்திருந்த ஈவெட் அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தாள். வேறு யாரையாவது பிடித்துக்கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவனுக்கு. பின்னால் ஊரார் வண்டிகள் வரிசையாக வந்தன. அவரவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின.

ஏரியின் நடுவில் ஆர்மண்ட் கையைத் தூக்கி வண்டியை நிறுத்தினார். ஒவ்வொன்றாக எல்லா வண்டிகளும் நின்றன.

"இங்க என்ன, மரத்தையே காணோம்?" என்றார். எதிரே வெறும் வெள்ளை. வலப்பக்கமாக ஒரு வரிசை மட்டும் பிரிந்து போனது. "காத்து தூக்கியிருக்கும்," என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

ஈவெட் இறங்கினாள். கறுப்புக் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வலப்பக்க வரிசையில் நடந்தாள். நாலைந்து மரம் தள்ளி நின்று ஒரு கிளையைத் தொட்டாள். அதில் வெள்ளி ஜிகினா இழை ஒன்று சுற்றியிருந்தது. வருஷா வருஷம் எல்லா ஜிகினாவையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் அவள் விட்டுவைப்பாள். ஏரியில் தன் மரம் எது என்று கில்மன் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று.

"இது எங்க வீட்டு மரம்," என்றாள். "இத அவரு நடுப்பாதையில நட்டதா சொன்னாரு. இங்க எப்படி வந்துது?"

காற்றுகூட அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது. ரெனால்ட் தலைக்கவசத்தைக் கழற்றினான்.

"நான்தான் அண்ணி பிடுங்கி நட்டேன். என் குடிசைக்கு வழி வேணும்னு." குரல் தன்னுடையதா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டுமே என்று இன்னும் சத்தமாகச் சொன்னான். "திருப்பி நட்டாச்சான்னு அண்ணன் கேட்டான். நட்டாச்சுன்னு பொய் சொன்னேன். அவன் குடிக்கல. மரத்தப் பாத்துத்தான் வந்திருக்கான்."

பூசையில் பின்வரிசையில் பேசியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆர்மண்ட் பெட்டியைப் பார்த்தார், ரெனால்டைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

அடிப்பாள் என்று ரெனால்ட் நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. ஈவெட் அந்த ஜிகினா இழையைக் கிளையில் இன்னொரு சுற்று இறுக்கிச் சுற்றினாள்.

"எடுத்துட்டு வந்து நடு," என்றாள் கடைசியில்.

"அண்ணி..."

"அவரு காத்துகிட்டிருக்காரு. நடு."

ரெனால்ட் தன் வண்டியிலிருந்து துளை போடும் கருவியை எடுத்தான். ஆர்மண்ட் உதவிக்கு ஓர் அடி வைத்தார். ஈவெட் கையைக் காட்டித் தடுத்தாள்.

உறைந்து பிடித்திருந்த மரங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துத் தோளில் சுமந்து வந்தான். துளை போட்டான், நட்டான், ஈரப்பனியை அள்ளி அடித்து இறுக்கினான். மூச்சு இரைத்தது. கண்ணீர் கன்னத்திலேயே உறைந்து இழுத்தது. குளிரில் நின்றவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்தார்களே தவிர, ஒருவரும் திரும்பிப் போகவில்லை. ஜிகினா இழை சுற்றிய மரத்தைக் கடைசியாக நட்டுவிட்டு நிமிர்ந்தான். பாதை மறுபடியும் அக்கரைவரைக்கும் ஒரே கோடாகத் தெரிந்தது.

ஆர்மண்ட் வண்டியைக் கிளப்பினார். ரெனால்ட் தன் வண்டியில் ஏறி, பின்னிருக்கையில் படிந்த பனியைக் கையால் துடைத்துவிட்டான். ஈவெட் ஏறவில்லை. பெட்டியை இழுக்கும் வண்டிக்கும் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

பிறகு நடக்கத் தொடங்கினாள். அவன் நட்ட முதல் மரத்தருகே நின்று, அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அடுத்த மரத்துக்குப் போய் அதையும் ஆட்டிப் பார்த்தாள். அவள் நடைக்கு ஈடாகப் பெட்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது.